பதில்: அக்குவினாஸ் தன்னையே மறுத்துக்கொள்கிறாரா?

கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸைப் பற்றி, "சட்டம் மனிதரை நல்லவராக்க வேண்டும் என்கிறார், அப்புறம் எல்லாத் தீமையையும் சட்டம் தடுக்கக் கூடாது என்கிறார், கட்டுரையில் எதை எழுதுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் எழுதுங்கள். முரண்பாடு இல்லை, இடம்தான் வேறு.

அவருடைய 'சும்மா தியாலஜிக்கா' (Summa Theologica) என்ற நூல் கேள்விகளாகவும், அவற்றுக்குள் பிரிவுகளாகவும் அமைந்தது. அதன் இரண்டாம் பாகத்து முதல் பகுதியில், சட்டம் மனிதரை நல்லவராக்குவதைப் பேசும் 92-ம் கேள்வியைப் படித்த கையோடு, எல்லாத் தீமையையும் தடுக்கக் கூடாது என்று சொல்லும் 96-ம் கேள்வியின் 2-ம் பிரிவுக்குப் போங்கள். சட்டம் ஊருக்கெல்லாம் பொது. ஊரில் பெரும்பாலோர் அறத்தில் தேறியவர்கள் இல்லை. அதனால் கொலை, களவு மாதிரி பிறரைக் கெடுக்கும் பெருங்குற்றங்களைத்தான் மனிதச் சட்டம் முக்கியமாகத் தடுக்க வேண்டும் என்கிறார். மனிதரை நல்லவராக்குவதும் படிப்படியாகத்தான், ஒரேயடியாக அல்ல. மீறி நெருக்கினால்? பைபிளின் நீதிமொழிகள் நூலிலிருந்து ஒரு வரியை எடுத்துப் போடுகிறார்: மூக்கை அழுத்திச் சிந்தினால் ரத்தம் வரும். பழைய தோற்பையில் புதுத் திராட்சை ரசத்தை ஊற்றினால் பை கிழியும் என்ற நற்செய்தி உவமையும் பக்கத்திலேயே இருக்கிறது. தாங்க முடியாத கட்டளையை வெறுத்து ஒதுக்குபவன் இன்னும் மோசமான தீமையில் விழுவான் என்பது அவர் கவலை. 13-ம் நூற்றாண்டுத் துறவியிடம் இவ்வளவு நடைமுறை புத்தியை நான் எதிர்பார்க்கவில்லை!

மீட்பு, அதாவது ஆன்மா கடைத்தேறுவது, எங்கே வருகிறது என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு 91-ம் கேள்வி, 4-ம் பிரிவு. மனிதச் சட்டத்துக்கு வெளிச்செயல்தான் தெரியும், நெஞ்சுக்குள் நடப்பது தெரியாது. மனிதனின் கடைசி இலக்கான நித்தியப் பேரின்பமோ அவன் இயல்பான ஆற்றலுக்கு எட்டாதது. அதனால்தான் கடவுளே தரும் இறைச்சட்டம் தேவை என்கிறார். பழகிப் பெறும் அறங்களோடு அவர் நிறுத்தாமல், கடவுள் ஊட்டும் அறங்களைத் தனியாகப் பேசுவதும் இதனால்தான். அதற்கு 63-ம் கேள்வியைப் பாருங்கள்.