ஆப்பை விடுங்க, மறுமுனையில யாரு? புற்றுநோய், மனசு, ஃபோன்: வடசென்னைக் கேள்வி பதில்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு மகள்: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், மூணாவது கீமோ முடிஞ்சிருக்கு. யார்கிட்டயும் பேசுறதில்ல. மனசுக்குன்னு நிறைய ஆப் இருக்காமே, எதை ஏத்திக் கொடுக்கட்டும்?

ஆப் பேரைக் கேட்கறதுக்கு முன்னாடி, அதுல அம்மா பதியறதை யார் பார்ப்பாங்கன்னு கேளுங்கம்மா. அமெரிக்காவில 766 புற்றுநோயாளிகளை வெச்சு ஒரு ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினர் தங்களோட தொந்தரவுகளை இணையத்துல பதிஞ்சாங்க, மத்தவங்களுக்கு வழக்கமான கவனிப்பு. பதிஞ்சவங்களோட வாழ்க்கைத் தரம் மேல இருந்தது. 2017ல வந்த முடிவுப்படி அவங்கள்ல பாதிப் பேர் 31.2 மாசத்துக்கு மேல வாழ்ந்தாங்க, மத்தவங்கள்ல பாதிப் பேர் 26 மாசத்துக்கு மேல. ஏதாவது மோசமானா உடனே நர்ஸுக்குத் தகவல் போகும், நர்ஸ் கவனிப்பாங்க. அதுதான் அங்க முக்கியம். யாரும் பார்க்காத ஆப் வெறும் டைரிதான்.

வீட்டுல இப்படி ஆரம்பிக்கலாம். தினமும் சாயங்காலம் 7 மணிக்கு அம்மா உங்களுக்கு வாட்ஸ்அப்ல நாலு எண் அனுப்பட்டும்: வலி, தூக்கக் கஷ்டம், சாப்பாட்டுக் கஷ்டம், மனபாரம். ஒவ்வொண்ணும் 0லிருந்து 10க்குள்ள. "வ3 தூ6 சா4 ம5", அவ்வளவுதான். டைப் அடிக்க முடியலன்னா வாய்ஸ் மெசேஜ். மனபாரம் 4ஐத் தொட்டா விசாரிக்கணும்னு புற்றுநோய் மருத்துவத்துல ஒரு கணக்கு உண்டு. ரெண்டு மூணு நாள் தொடர்ந்து 4 அல்லது அதுக்கு மேல வந்தா அடுத்த ஓ.பி. வரைக்கும் காத்திருக்காம வார்டு நர்ஸ்கிட்ட சொல்லுங்க. எண்ணை வாங்கிட்டு பதில் போடாம மட்டும் இருந்துடாதீங்க, நாலாம் நாள் அம்மா அனுப்ப மாட்டாங்க.

காய்ச்சல் இந்தக் கணக்குல வராது. கீமோ சமயத்துல 100.4 ஃபாரன்ஹீட் தொட்டா மெசேஜ் போட்டுட்டு உட்கார வேண்டாம், நேரா ஆஸ்பத்திரி.

வியாசர்பாடி வாசகர்: கீமோவில இருக்கிற அப்பாவுக்கு நெட்ல மனச்சோர்வு டெஸ்ட் போட்டுப் பார்த்தோம். 27க்கு 14 வந்துச்சு. டிப்ரெஷனா சார்?

பி.எச்.க்யூ-9 போட்டிருக்கீங்க. ஒன்பது கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0லிருந்து 3. 10ஐத் தொட்டா மருத்துவரைப் பார்க்கச் சொல்வாங்க. ஆனா இதுல தூக்கம், சோர்வு, பசி, கவனம்னு நாலு கேள்வி இருக்கு பாருங்க. கீமோவில இருக்கிறவருக்கு இந்த நாலும் மனசு சரியா இருந்தாலுமே கெட்டிருக்கும். நாலு மூணு பன்னிரண்டு அங்கேயே வந்துடலாம்.

அதனால மொத்தத்தை விட்டுட்டு முதல் ரெண்டு கேள்வியைப் பாருங்க: எதுலயும் ஆர்வமில்லாம இருக்கிறது, மனசு சோர்ந்து நம்பிக்கையில்லாம இருக்கிறது. இந்த ரெண்டுல மட்டும் 3 அல்லது அதுக்கு மேல இருந்தா அது மனசோட குரல். ஒன்பதாவது கேள்வி, செத்துட்டா தேவலன்னோ தன்னையே காயப்படுத்திக்கலாம்னோ தோணுறதைப் பத்தியது. அதுல 0 தவிர எது வந்தாலும், மொத்தம் எவ்வளவு கம்மியா இருந்தாலும், அன்னிக்கே ஒரு ஆள் அவர்கிட்ட பேசியாகணும். உடலறிகுறிகளை ஒதுக்கி வெச்ச 'ஹேட்ஸ்' அப்படின்னு 14 கேள்வித் தாள் ஒண்ணும் இருக்கு. ஆஸ்பத்திரியில கேட்டுப் பாருங்க. எதுவானாலும் இது சலிக்கிற சல்லடைதான். டிப்ரெஷனா இல்லையான்னு சொல்ல வேண்டியது மருத்துவர்.

காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி: அண்ணன் மீன் ஏலம் விடுறவரு. நாக்குல கேன்சர், மாவா (புகையிலை-பாக்குக் கலவை) போட்ட பழக்கம். ஆபரேஷனுக்கு அப்புறம் பேச்சு புரியல. ஹெல்ப்லைனுக்குப் போன் பண்ணச் சொல்றாங்க. பேச முடியாதவரு எப்படிண்ணே பேசுவாரு?

நியாயமான கேள்வி தம்பி. வாய்ப் புற்றுநோய்க்காரங்களை இந்த வசதிகள் பெரும்பாலும் மறந்தேபோச்சு. ஏலம் போடுற இடத்துல குரலாலேயே பொழைச்ச மனுஷனுக்கு குரல் போறது கை போன மாதிரி.

முதல்ல ஃபோனைப் பேச வைங்க. கூகுள் டிரான்ஸ்லேட்ல இடப்பக்கம் தமிழை வெச்சு டைப் அடிச்சு, ஸ்பீக்கர் படத்தை அமுக்கினா அதுவே வாசிக்கும். இங்க மூணு இடத்துல மாட்டுவீங்க. ஒண்ணு, "enna" மாதிரி ஆங்கில எழுத்துல அடிச்சா தப்புத் தப்பா வாசிக்கும், தமிழ் கீபோர்டு வேணும். ரெண்டு, நீளமா அடிச்சா மூச்சு விடாம ஒப்பிச்சுடும், அஞ்சாறு வார்த்தைக்கு ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்க. மூணு, சிக்னல் போனா குரலும் போயிடும். அதுக்கு அமைப்புகள்ல அணுகல்தன்மைக்குள்ள போய், எழுத்தைப் பேச்சாக்குற பகுதியில தமிழ்க் குரலை முன்கூட்டியே இறக்கி வெச்சுக்கணும்.

தினசரி வேண்டிய இருபது வாக்கியத்தை நோட்ஸ்ல அடிச்சு வைங்க. "தண்ணி வேணும்", "வலிக்குது" மட்டும் வேண்டாம். "இப்போ தனியா விடு", "நான் அழுதா பயப்படாதே", "கிண்டல் பண்ணுடா, பரவால்ல" இதெல்லாமும் இருக்கணும். தேவையை மட்டும் சொல்ற மெஷினைக் கொடுத்தா மனுஷன் நோயாளியாவே நின்னுடுவாரு.

ஹெல்ப்லைனுக்கு நீங்க ஸ்பீக்கர்ல போட்டு, "அண்ணன் பேச மாட்டாரு, எழுதிக் காட்டுவாரு, நான் வாசிக்கிறேன், நேரமாகும்"னு முதல் வரியிலேயே சொல்லிடுங்க. உங்களை வெச்சுக்கிட்டு சொல்ல முடியாத விஷயமும் அவருக்கு இருக்கும். அதுக்கு நேர்லதான் போகணும். பக்கத்துல ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கு. பேப்பர், பேனாவோட அவர் தனியா உள்ள போகட்டும், நீங்க வெளியில நில்லுங்க.

இதைப் படிக்கிற வேற யாருக்காவது இந்த ஆபரேஷன் இனிமேதான்னா, குரல் இருக்கும்போதே பதிவு பண்ணி வைங்க. பிள்ளைங்களைக் கூப்பிடுற செல்லப்பேர், சிரிப்பு, வழக்கமா திட்டுற திட்டு. அரை மணி நேர வேலை.

திருவொற்றியூர் அக்கா ஒருத்தர்: கீமோ போட்ட ரெண்டு மூணு நாள் கொட்டக் கொட்ட முழிப்பு. ரெண்டு மணிக்கு ஃபோன எடுத்து நோயைப் பத்தித் தேடுறேன். தேடத் தேடப் பயம்.

அந்த முழிப்புக்குப் பயம் மட்டும் காரணமில்லக்கா. வாந்தி வராம இருக்கக் கொடுக்கிற மாத்திரைச் சீட்டுல டெக்ஸாமெத்தசோன் இருக்கா பாருங்க. அது ஸ்டீராய்டு. தூக்கத்தைக் கெடுக்கும், மனசைப் படபடன்னு வெச்சிருக்கும். ராத்திரி வேளையைக் காலைக்கு மாத்த முடியுமான்னு டாக்டரைக் கேளுங்க. நீங்களா நிறுத்தாதீங்க.

ஃபோன் விஷயத்துல, தேடக்கூடாதுன்னு வைராக்கியம் வெச்சா ரெண்டு மணிக்கு நிக்காது. பகல்லயே 15 நிமிஷ ஆடியோ ஒண்ணை இறக்கி, படுக்கும்போது நெட்டை அணைச்சுடுங்க. யூடியூப்ல நேரடியா ஓட விட்டா அது முடிஞ்சதும் அடுத்து 'இந்த ஒரு இலை போதும்' வீடியோ தானா ஓடும். ஆடியோ வாங்கவும் வேண்டாம், மகளைப் பேசிப் பதியச் சொல்லுங்க: 4 எண்ணுற வரை மூச்சு உள்ளே, 6 எண்ணுற வரை வெளியே, அப்புறம் பாதத்திலிருந்து மேல ஒவ்வொரு தசையா 5 நொடி இறுக்கித் தளர்த்தணும். அக்குள் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கை, தையல் போட்ட இடம், எலும்புக்குப் பரவின இடம் இதையெல்லாம் இறுக்காம விட்டுடணும். கடையில விக்கிற பொதுவான ஆப் இதைச் சொல்லாது.

பெரம்பூர்: சொந்தக்காரங்க குரூப்ல தினம் முள்சீத்தா, பேக்கிங் சோடா வைத்தியம். வெளியே வந்தா மனஸ்தாபம்.

குரூப்பை மியூட் பண்ணி ஆர்க்கைவ்ல போடுங்க. வெளியேறினாலும் இப்போ அட்மினுக்கு மட்டும்தான் தகவல் போகும். ஆனா எங்க அட்மின் பெரியப்பாதான்னு நீங்க சொல்வீங்க. அப்போ மியூட்.

கொருக்குப்பேட்டை வாசகி: மனநல டாக்டரை வீடியோவிலேயே பார்த்துக்கலாமா? இல்ல 14416க்குப் போட்டா போதுமா?

14416 டெலி மானஸ், அரசோட மனநல உதவி எண். 2022 அக்டோபர் 10லிருந்து இருக்கு. 24 மணி நேரமும், காசு இல்லாம, தமிழ்ல பேசலாம். முதல்ல ஆலோசகர் எடுப்பார், தேவைன்னா மனநல மருத்துவருக்கு மாத்துவாங்க. நோய்ப் பேரு, எத்தனையாவது கீமோ, சாப்பிடுற மாத்திரை எல்லாம் ஒரு தாள்ல எழுதி கையில வெச்சுக்கிட்டுப் போடுங்க.

மாத்திரை விஷயத்தை லேசா விடாதீங்க. மார்பகப் புற்றுநோய்க்கு டேமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு பாராக்ஸெடின், ஃப்ளூவாக்ஸெடின் மாதிரி மனச்சோர்வு மருந்துகள் ஒத்து வராது. டேமாக்சிஃபெனை வேலை செய்யற வடிவத்துக்கு மாத்துற கல்லீரல் நொதியை அதுங்க தடுத்துடும். வீடியோவில பார்க்கிற டாக்டருக்கு உங்க ஃபைல் தெரியாது, நீங்கதான் வாய்விட்டுச் சொல்லணும். வலிக்கான மார்ஃபினை வீடியோ மூலமா எழுத மாட்டாங்க, சட்டத்துல இடமில்லை.

ஒரே அறை வீட்டுல நாலு பேர் முன்னாடி யாரும் மனசு திறக்க மாட்டாங்க. மொட்டை மாடி, ஹெட்செட், அரை மணி நேரம். அதை வீட்டுக்காரங்க ஏற்பாடு பண்ணிக் கொடுக்கணும். நேர்ல போறதுன்னா அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்ல புற்றுநோயாளிகள் மனநலத்துக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கமிருந்து மெட்ரோவில மாறாமலே கிண்டி வரை போகலாம், அங்கிருந்து ஆட்டோ.

வீடியோவுக்கே போகக்கூடாத நிலை ஒண்ணு இருக்கு. நேத்து வரை நல்லாப் பேசினவர் இன்னிக்குத் திடீர்னு ஆளை மாத்திச் சொல்றார், இல்லாததைப் பார்க்கிறார்னா அது மனச்சோர்வில்ல. கிருமித் தொற்றோ, உப்புச் சத்து மாறினதோ, மருந்தோ காரணமா இருக்கும். 108.

எண்ணூர்: வீட்டுக்கே ஒரு ஃபோன். நான் எழுதறதைப் பையன் படிச்சுடுவான்.

வாட்ஸ்அப்ல அந்த உரையாடலை மட்டும் பூட்டலாம், நோட்டிஃபிகேஷன்ல எழுத்துத் தெரியாம மறைக்கலாம். மூச்சுப் பயிற்சி ஆப் உங்க கான்டாக்ட்ஸைக் கேட்டா கொடுக்காதீங்க. ஆப்பை ஃபோனிலிருந்து நீக்கறதுக்கு முன்னாடி உள்ளே போய்க் கணக்கை அழிங்க. ஆப்பை மட்டும் நீக்கினா பதிஞ்சது ஆப் கம்பெனிகிட்டயே இருக்கலாம். இதெல்லாம் தொல்லைன்னா நாற்பது பக்க நோட்டு நல்லது.

ராயபுரம்: ஸ்கேன் ரிசல்ட் லிங்க் அப்பா ஃபோனுக்கே வந்துடுது. சனிக்கிழமை சாயங்காலம் திறந்து பார்த்துட்டு, ஏஐகிட்டயும் கேட்டுட்டு, ரெண்டு நாள் சாப்பிடல.

திங்கட்கிழமை வரை பதில் சொல்ல ஆளில்லாத நேரத்துல வந்த காகிதம் அது. ரிப்போர்ட்டோட கடைசியில 'தேவைப்பட்டால் ஒப்பிட்டுப் பார்க்கவும்' மாதிரி வரி எழுதறது ஸ்கேனைப் படிக்கிற டாக்டர் (ரேடியாலஜிஸ்ட்) வழக்கம். பழைய படத்தையும் உடம்பையும் பார்க்காத ஏஐ அதை என்னவா வேணா விரிக்கும். அடுத்த தடவை லேப்ல ஃபாரம் நிரப்பும்போதே யார் நம்பரைக் கொடுக்கிறதுன்னு அப்பாகிட்டயே கேளுங்க. உங்க நம்பர்னு அவர் சொன்னா, லிங்க் வந்த உடனே 'வந்துடுச்சு, திங்கட்கிழமை டாக்டரோட பார்க்கலாம்'னு சொல்லிடுங்க. மறைக்காதீங்க, முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சுடுவாரு. தன் நம்பர்தான் வேணும்னு சொன்னா அது அவர் உரிமை. ஸ்கேனை மட்டும் வெள்ளி, சனியில போடாம, டாக்டர் நாளுக்கு முந்தின நாளாப் பார்த்து வாங்குங்க.