கதை சொல்லும் பிள்ளை ஏன் எழுத மறுக்கிறது?

டீச்சர், மூன்றாம் வகுப்பில் ஓயாமல் கதை பேசும் பிள்ளைகள் நோட்டைத் திறந்தால் இரண்டு வரியோடு நின்றுவிடுகிறார்கள், கையில் இருப்பதோ ஒரே டேப்லெட் என்று கேட்டிருந்தீர்கள். அம்பாசமுத்திரம் பக்கம் என் வகுப்பிலும் இதே கதைதான்.

புதுப்புதுச் செயலிகளைத் தேடி அலையாதீர்கள். குரல் பதிவு போதும். பிள்ளை சொல்வதைப் பதிந்து, நிறுத்தி நிறுத்திப் போட்டு, அந்தப் பிள்ளையையே தாளில் எழுத வையுங்கள். என் வகுப்புப் பையன் ஒருவன் பனங்கிழங்கு அவித்த கதையை இப்படிப் பதினொரு வரி எழுதினான். 'பனங்கிளங்கு' என்றுதான் எழுதியிருந்தான். நம் பக்கத்து நாக்கில் ழகரம் அப்படித்தானே விழுகிறது! அன்று நான் திருத்தவில்லை. மறுநாள் கரும்பலகையில் கிழங்கு, பழம், மழை என்று எழுதிப்போட்டேன். அவனே நோட்டை எடுத்துத் திருத்திக்கொண்டான்.

தட்டச்சுக்கு, தமிழ் எழுத்துகளையே நேராகத் தட்டும் தமிழ்99 விசைப்பலகையை வையுங்கள்; செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலியில் இருக்கிறது. க தட்டி இ தட்டினால் கி. க இருமுறை தட்டினால் க்க, புள்ளி தானாக விழும். உயிர்மெய் பிறக்கும் விதம் விரலுக்கே விளங்கிவிடும். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் முறை இந்த வயதில் வேண்டவே வேண்டாம். சொல்லை முந்திக்கொண்டு நீட்டும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

ஒரு நாளைக்கு நான்கு பிள்ளைகள் போதும். சார்ஜை மட்டும் முந்தின நாள் மாலையே போட்டுவிடுங்கள். காலை மின்சாரத்தை நம்பி நான் இருமுறை ஏமாந்திருக்கிறேன்.