கஸ்டமர் விவரங்களை டேட்டாபேஸுக்கு மாற்றும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கீழமாசி வீதி மொத்த மளிகைக் கடையிலிருந்து: எங்கள் சி.ஆர்.எம்.மில் (கஸ்டமர் விவரங்களை வைக்கும் மென்பொருள்) 1,800 கடைக்காரர்கள் இருக்கிறார்கள். என்-எயிட்-என் (n8n) என்ற தானியங்கி மென்பொருள் மூலம் தினமும் இரவு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் உள்ள டேபிளுக்கு அனுப்புகிறோம். இப்போது டேபிளில் 12,600 வரிகள் நிற்கின்றன. எங்கே தப்பு சார்?

12,600-ஐ 1,800-ஆல் வகுத்தால் 7. ஏழு இரவு ஓடியிருக்கிறது, ஏழு இரவும் எல்லாரையும் புது ஆளாகச் சேர்த்திருக்கிறது. என்-எயிட்-என்னில் போஸ்ட்கிரெஸ் வேலையைச் செய்யும் கட்டத்தில் (நோட்) 'இன்ஸர்ட்' என்று வைத்திருப்பீர்கள். அதை 'இன்ஸர்ட் ஆர் அப்டேட்' என்று மாற்றுங்கள். ஏற்கெனவே இருப்பவர் என்றால் விவரம் மட்டும் திருத்தப்படும்.

ஏற்கெனவே இருப்பவர் என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? பலர் போன் நம்பரைச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். அப்பா பெயரில் ஒரு கடை, மகன் பெயரில் இன்னொரு கடை, இரண்டுக்கும் ஒரே நம்பர் என்பது நம் ஊரில் சாதாரணம். ஒரு கடையின் பாக்கி இன்னொன்றின் தலையில் போய் உட்காரும். சி.ஆர்.எம். ஒவ்வொருவருக்கும் கொடுத்திருக்கும் ஐ.டி.யையே (அடையாளக் குறி) சாவியாக வையுங்கள். டேபிளிலும் அந்த ஐ.டி. நெடுவரிசைக்கு 'யூனிக்' கட்டுப்பாடு (ஒரே ஐ.டி. இருமுறை வரக்கூடாது என்பது) போட வேண்டும். இல்லாவிட்டால் போஸ்ட்கிரெஸ் எரர் காட்டி நின்றுவிடும்.

ஐ.டி. நீளமான எண்ணாக இருந்தால் அதை டெக்ஸ்ட்டாகவே கொண்டுபோங்கள். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் உள்ளதைப் பூஜ்யமாக்கிவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டும் 9,007,199,254,740,991-ஐத் தாண்டினால் கடைசி இலக்கங்களைப் பிசகவிடும். இந்தத் தவறு கண்ணில் படாது, எரரும் வராது. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

வடபழஞ்சியிலிருந்து ஒரு மென்பொருள் ஊழியர்: சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற சி.ஆர்.எம்.மிலிருந்து மை எஸ்.க்யூ.எல். டேட்டாபேஸுக்கு மாற்றும்போது, வேறு வேறு ஐ.டி.க்களையே 'டூப்ளிகேட்' என்று தள்ளுகிறது. இன்னொன்று: அங்கே அழித்த கஸ்டமர்கள் இங்கே அழியவில்லை.

நீங்கள் 15 எழுத்து ஐ.டி.யை எடுத்திருக்கிறீர்கள். அதில் பெரிய 'ஏ' வேறு, சின்ன 'ஏ' வேறு. மை எஸ்.க்யூ.எல்.லின் வழக்கமான கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். 18 எழுத்து ஐ.டி.க்கு மாறினால் தீர்ந்தது.

அழித்த கஸ்டமர்கள் சாதாரண குவெரியில் (விவரம் கேட்கும் கட்டளை) வரமாட்டார்கள். 'குவெரி ஆல்' போட்டு 'இஸ் டெலிட்டட்' ஃபீல்டையும் சேர்த்து எடுங்கள். ரீசைக்கிள் பின்னில் 15 நாள்தான் இருப்பார்கள், அதற்குள் ஓட்டிவிட வேண்டும். உங்கள் டேபிளில் அந்த வரியை அழிக்காதீர்கள், பழைய பில்கள் அதைப் பிடித்துத்தான் தொங்குகின்றன. 'நீக்கப்பட்டவர்' என்று ஒரு நெடுவரிசையில் குறித்தால் போதும்.

திருமங்கலம் விதைக் கடையிலிருந்து: பழைய பில்லிங் பட்டியலில் ஐ.டி. கிடையாது, பெயரும் ஊரும்தான். சி.ஆர்.எம்.மிலும் 'கோபால்', பில்லிலும் 'கோபால்'. ஆனால் சேர்த்துப் பார்த்தால் பொருந்தவில்லை.

உங்கள் கண் சரியாகத்தான் பார்க்கிறது. கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் 'கோ'வின் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'ோ' என்று ஒரே குறியீடாக வைக்கலாம். இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையில் ஒன்றுபோல் தெரியும், டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு. போஸ்ட்கிரெஸ் 13 முதல் 'நார்மலைஸ்' என்ற ஃபங்ஷன் இருக்கிறது. இரண்டு பட்டியலையும் அதற்குள் விட்டு எடுத்த பிறகு ஒப்பிடுங்கள்.

அதற்கும் மசியாதது ஒன்று உண்டு. 'கௌரி' என்பதை ஒற்றைக்கொம்பும் 'ள'வும் சேர்த்து 'கெளரி' என்று அடித்திருப்பார்கள். அது எழுத்தே வேறு, கையால்தான் திருத்த வேண்டும். 'மு. செல்வம்', 'செல்வம் மு' என்று இனிஷியல் இடம் மாறுவதும் அப்படித்தான். பெயரும் ஊரும் ஒத்துப்போனால் உடனே இணைத்துவிடாதீர்கள். ஒரே ஊரில் நான்கு செல்வம் இருப்பார்கள். சந்தேகமானவற்றைத் தனி டேபிளில் ஒதுக்கி, கடையில் வருஷக்கணக்காக இருப்பவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள்.

மேலூரிலிருந்து: 200 கஸ்டமர்கள், ஒரே கம்ப்யூட்டர். இதெல்லாம் எனக்கு வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். இருக்கும் ஷீட்டில் ஆளுக்கொரு எண் மட்டும் கொடுத்து வையுங்கள்.

மாட்டுத்தாவணி பூ வியாபாரி ஒருவர்: அண்ணே, விடியற்காலை போடுகிற ஆர்டர் எல்லாம் டேட்டாபேஸில் முந்தின நாள் கணக்கில் விழுகிறது. முகூர்த்த நாள் மல்லி விற்பனையே தெரியவில்லை.

பல சி.ஆர்.எம்.கள் நேரத்தை உலகப் பொது நேரமான யூ.டி.சி.யில் அனுப்பும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே போகிறது. காலை 4.30-க்குப் போட்ட ஆர்டர், யூ.டி.சி.யில் முந்தின நாள் இரவு 11 மணி. பத்து மணிக்குக் கடை திறப்பவருக்கு இது தெரியவே வராது. உங்கள் வியாபாரமே விடிவதற்குள் நடப்பதால் முழு அடியும் உங்களுக்கு.

நேரத்தை 'டைம்ஸ்டாம்ப் வித் டைம் ஸோன்' வகையில் சேமியுங்கள். நாள் கணக்கு எடுக்கும் குவெரியில் 'ஏசியா/கொல்கத்தா' என்று சொல்லி நாள் வாரியாகப் பிரித்தெடுங்கள். என்-எயிட்-என்னைச் சொந்த சர்வரில் நிறுவியிருந்தால் அதன் நேரமும் நியூயார்க்கில் இருக்கும், அங்கேயும் மாற்றுங்கள். பிறகு ஏதாவது ஒரு முகூர்த்த நாளை எடுத்து, அன்றைய கைநோட்டோடு வைத்து ஒவ்வொரு ஆர்டராகச் சரிபாருங்கள்.