இப்னு பதூதாவை எந்த அளவுக்கு நம்பலாம்? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, முப்பது ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்ற, பதினான்காம் நூற்றாண்டுப் பயணி இப்னு பதூதாவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அவர் வணிகரா?

பதில்: வணிகர் அல்லர். 1304இல் மொராக்கோவின் தாஞ்சியர் நகரில், வழிவழியாகக் காஜிகளாக, அதாவது இஸ்லாமியச் சட்ட நீதிபதிகளாக, இருந்த குடும்பத்தில் பிறந்தவர். 1325 ஜூனில் ஹஜ்ஜுக்கெனத் தனியாகப் புறப்பட்டபோது 21 வயது நிரம்பிய அவரிடம் இருந்த மூலதனம், இஸ்லாமியச் சட்ட மரபுகளுள் ஒன்றான மாலிகி மத்ஹபின் சட்டப் படிப்புதான். துனிஸிலிருந்து கிளம்பும்போதே ஹாஜிகள் கூட்டத்துக்கு அவரைக் காஜியாக நியமித்துவிட்டார்கள்; அரபு மொழியும் இஸ்லாமியச் சட்டமும் மதிக்கப்பட்ட ஊர்களில் எல்லாம் தங்க இடமும் உடுக்க உடையும் ஏதாவதொரு பதவியும் பிறகு கிடைத்துக்கொண்டே இருந்தன.

டெல்லியில் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டெல்லி சுல்தான் முகமது பின் துக்ளக் அயல்நாட்டு அறிஞர்களுக்கு வாரி வழங்குவார். ஆனால் அவரைக் காணக் காணிக்கையோடு செல்ல வேண்டும். அந்தக் காணிக்கைப் பொருள்களை வணிகர்கள் கடனுக்குக் கொடுத்து, சுல்தானின் பரிசு கைக்கு வந்ததும் வசூலித்துக்கொள்வார்கள். 1333இல் சிந்து நதியை அடைந்த நம்மவர் இப்படித்தான் அரசவைக்குள் நுழைந்தார். ஆண்டுக்கு 12,000 தினார் சம்பளத்தில் டெல்லியின் காஜியும் ஆனார். அப்படியும் அவருடைய கடன் 55,000 தினாராக ஏறிற்று. அதையும் சுல்தானே அடைக்க நேர்ந்தது. சிக்கனம் அவருக்குத் தெரியாத கலை.

கேள்வி: அவ்வளவு வசதியை விட்டு ஏன் போனார்?

பதில்: உயிர்ப் பயம். சுல்தானின் கோபத்துக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட ஒரு ஷெய்கை (சமயப் பெரியவரை) முன்பு சந்தித்திருந்ததால் இவரையும் சில நாள் காவலில் வைத்தார்கள். பிறகு அதே சுல்தான் சீனப் பேரரசருக்குத் தூதராக இவரை நியமிக்க, 1342இல் புறப்பட்டார். கோழிக்கோட்டில் புயல் அடித்துக் கப்பலும் காணிக்கைகளும் போயின. வெறுங்கையோடு டெல்லிக்குத் திரும்ப அஞ்சியதால்தான் மாலத்தீவு, இலங்கை, தமிழகம் என்று அவர் வழி திரும்பியது.

கேள்வி: பயண நூல் அவர் கைப்பட எழுதியதா?

பதில்: இல்லை. ஊர் திரும்பிய பின், மொராக்கோ சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி அவர் வாய்மொழியாகச் சொல்ல, கிரானடாவைச் சேர்ந்த இப்னு ஜுஸை எழுதினார். 1355 டிசம்பரில் சொல்லி முடித்தார். குறிப்பு எடுத்ததாக நூலில் ஓரிடத்தில்தான் தென்படுகிறது: புகாராவில் அறிஞர்களின் கல்லறை வாசகங்களைப் படியெடுத்து வைத்திருந்ததாகவும், இந்தியக் கடலில் கொள்ளையர் பறித்த பொருள்களோடு அவையும் போனதாகவும் சொல்கிறார். எனவே நாம் படிப்பது பெரும்பாலும் நினைவிலிருந்து வந்தது.

மக்கா, டமாஸ்கஸ் வருணனைகளில் பல பகுதிகள், ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் பயணம் செய்த இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. 1326இல் கெய்ரோவிலிருந்து டமாஸ்கஸுக்கு மூன்று வாரச் சொச்சத்தில் வந்ததாக அவர் தரும் தேதிகளை வைத்துப் பார்த்தால், இடையில் கண்டதாகச் சொல்லும் சிரியா ஊர்கள் அத்தனையையும் பார்த்திருக்கவே முடியாது. வெவ்வேறு பயணங்களில் கண்டவை ஒரே பயணமாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. வோல்கா ஆற்றங்கரைப் பல்கார் நகருக்குப் போனதாகச் சொல்வதை ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை; நானும் ஏற்கவில்லை.

கேள்வி: மதுரைக்கு வந்தது உண்மையா? நான் மதுரைக்காரன் என்பதால் கேட்கிறேன்.

பதில்: உண்மை என்றே கொள்ளலாம். இலங்கையில் யாழ்ப்பாண மன்னரான ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்கும் ஆள்களும் தந்து பாவா ஆதம் மலைக்கு, அதாவது சிவனொளிபாத மலைக்கு, அனுப்பிவைத்தார். அங்கிருந்து திரும்பிக் கடலேறியபோது கப்பல் சோழமண்டலக் கரையருகே உடைந்தது. அப்போது மதுரையை ஆண்ட கியாஸுத்தீன் தம்கானி இவருக்குச் சகலை. மதுரை சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்சனின் ஒரு மகளை இவர் டெல்லியில் மணந்திருந்தார், இன்னொரு மகள் தம்கானியின் மனைவி.

உறவு என்பதற்காக அவர் எதையும் மறைக்கவில்லை. சிறைபிடித்த ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் சகலை கழுவேற்றிக் கொன்றதைக் கண்ணால் கண்டு, வேறெந்த அரசனும் செய்து தாம் அறியாத இழிசெயல் என்றும், அதனால்தான் இறைவன் அவர் சாவை விரைவுபடுத்தினான் என்றும் சொல்கிறார். போசள மன்னர் மூன்றாம் வல்லாளரின் தோலில் வைக்கோல் அடைத்து மதுரை மதில்மேல் தொங்கவிட்டிருந்ததையும் பார்த்திருக்கிறார். ஊரில் கொள்ளைநோய் பரவியிருந்தது. அவர் வாங்கிய அடிமைப் பெண் மறுநாளே இறந்தாள். சுல்தானின் தாயும் மனைவியும் மகனும் மாண்டு, பின்னர் சுல்தானும் இறந்தார். இவரையும் காய்ச்சல் பிடித்தது. ஒரு ராத்தல் அளவு புளியை நீரில் கரைத்துக் குடித்து, மூன்று நாள் பேதியாகிக் குணமடைந்ததாகச் சொல்கிறார். நம் பாட்டிமாருக்கு இந்த வைத்தியம் வியப்பாக இராது.

கேள்வி: மற்ற இடங்களில் தேதியைக் குழப்பியவரை இங்கே மட்டும் எப்படி நம்புவது?

பதில்: தமக்குப் பெருமை தராததையும் சொல்கிறார் என்பதால். மாலத்தீவில் காஜியாக இருந்து, அமைச்சரோடு பிணங்கி வெளியேறியவர், மதுரை சுல்தானிடம் அந்தத் தீவுகள்மீது படையெடுக்கத் திட்டம் தீட்டிக் கொடுத்தார். உப்பிட்ட இடத்துக்கே இரண்டகம் செய்ததைத் தாமே ஒப்புக்கொள்ளும் ஒருவர், அந்தப் பகுதியைப் புகழுக்காகப் புனைந்தார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: மாலத்தீவில் காஜியாக அவர் சாதித்தது என்ன?

பதில்: வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வராதவர்களைத் தண்டிக்கச் செய்தார். மார்பை மூடாமல் நடமாடிய பெண்களை மூடச் சொன்னார். வழக்கு மன்றத்துக்கு வெளியே அந்த ஆணை எடுபடவில்லை. சுல்தானா கதீஜாவின் ஆட்சி அது.

கேள்வி: நம் பக்கத்துச் சாப்பாடு அவருக்குப் பிடித்திருந்ததா?

பதில்: மாங்காய் ஊறுகாய், இஞ்சி, வெற்றிலை, தேங்காய் பற்றியெல்லாம் ஆர்வத்தோடு விவரிக்கிறார். சோறுதான் சிக்கல். மாலத்தீவு, இலங்கை, தமிழகக் கரை, மலபார் எனச் சுற்றிய மூன்றாண்டுகளும் சோற்றையே தின்று, கடைசியில் தண்ணீரைக் குடித்துத்தான் அதை விழுங்க முடிந்தது என்கிறார்.