தீம் பார்க்குக்குக் கிரெடிட் கார்டு வேண்டாம், புதன்கிழமை போதும்

கேள்வி: திருவொற்றியூரில் வசிக்கிறேன். மணலியில் தனியார் நிறுவனத்தில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 34,000 ரூபாய். மனைவி, 11 வயதிலும் 6 வயதிலும் இரண்டு மகள்கள், 63 வயது அம்மா. வரும் மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆரில் உள்ள தீம் பார்க்குக்குப் போக ஆசை. டிக்கெட் பெரியவருக்கு 1,100, பிள்ளைகளுக்கு 900 ரூபாய். வரிசையில் நிற்காமல் போக விரைவு டிக்கெட் எடுத்தால் இரட்டிப்பு. வேன் வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 15,000 ஆகிறது. கிரெடிட் கார்டில் எடுத்து ஆறு தவணையில் கட்டலாமா? தனக்கு டிக்கெட் எடுப்பது வீண் என்கிறார் அம்மா.

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். ஆண்டுக்கு ஒரு நாள் பிள்ளைகளோடு ஆசையாகச் செலவழிப்பதை எந்தக் கணக்கை வைத்தும் தடுக்க மாட்டேன். ஆனால் 15,000 ரூபாய் உங்கள் சம்பளத்தில் ஏறக்குறைய பாதி. அதிலும் தவணையில் கட்டினால் வட்டி, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., பெரும்பாலும் செயலாக்கக் கட்டணம் எனத் தொகை ஏறும். பிள்ளைகள் ராட்டினத்தை மறந்து புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருக்கும்போதும் நீங்கள் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் விரைவு டிக்கெட்டை விடுங்கள். ஐந்து பேருக்கும் அதற்காகக் கூடுதலாகக் கொடுப்பது 5,100 ரூபாய். ராட்டினத்தில் ஏறவே போகாத அம்மாவுக்கும் சேர்த்து. செவ்வாய், புதன், வியாழனில் ஒரு நாள் போனால் அந்தக் காத்திருப்பு தானாகவே குறையும். தற்செயல் விடுப்பு இருந்தால் செலவே இல்லை. சம்பளம் பிடித்தாலும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,130 ரூபாய்தான். வார நாளில் கட்டணத்தைக் குறைக்கும் பூங்காக்களும் உண்டு. ஆன்லைனில் முன்பதிவு செய்தால் தள்ளுபடி கிடைக்கிறதா என்று பாருங்கள். சொன்ன விலையில் ஜி.எஸ்.டி. அடங்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது வேன். காலையில் அது தேவையில்லை. திருவொற்றியூரிலிருந்து மின்சார ரயிலில் கடற்கரை நிலையம், அங்கிருந்து பறக்கும் ரயிலில் திருவான்மியூர், பிறகு ஈ.சி.ஆர். பஸ். சாதாரணக் கட்டண மாநகரப் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமே இல்லை. உங்கள் வீட்டில் அது நான்கு பேர். மிச்சமானதை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஈரத் தலையோடு தூங்கி விழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு ரயில் மாறச் சொல்ல எனக்கு மனம் வராது. திரும்பும்போது கார் வையுங்கள், ஆயிரம் ரூபாய் ஒதுக்குங்கள்.

டிக்கெட் எடுக்கும் முன் சின்னவளைச் சுவரோரம் நிறுத்தி, தலைக்கு மேல் ஸ்கேலைப் படுக்க வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, டேப்பால் அளந்து பாருங்கள். பல பூங்காக்களில் குழந்தைக் கட்டணத்தை முடிவு செய்வது வயதல்ல, உயரம். ராட்டினங்களுக்கும் உயர வரம்பு உண்டு. ஒரு பூங்காவில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகு, இரண்டு விரற்கடை குறைகிறது என்று என் மகனை அளவுக் கம்பத்தருகே திருப்பி அனுப்பினார்கள். அவன் அழவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். அந்த முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. எதில் ஏறலாம், எதில் முடியாது என்பதை அவளிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்.

வாசல் திறக்கும்போதே அங்கே இருங்கள். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் முதல் ராட்டினத்தில்தான் கூட்டம் நிற்கும்; நீங்கள் கடைசிக்குப் போய் அங்கிருந்து முன்னே வாருங்கள். பெரிய ராட்டினங்களைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். சாப்பாடு பதினொன்றரைக்கு. தண்ணீர் விளையாட்டு கடைசியில்தான். நனைந்த உடையோடு மற்றவற்றில் ஏற விட மாட்டார்கள். குளத்தில் இறங்க நைலான் உடை கேட்பார்கள். அங்கே வாடகைக்கு எடுப்பதைவிட வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் முன்பே வாங்கினால் அடுத்த முறைக்கும் ஆகும்.

இப்போது கணக்கு: டிக்கெட் 5,100, காலைப் பயணம் 100, திரும்பும் கார் 1,000, சாப்பாட்டுக்கு 1,000. மொத்தம் 7,200 ரூபாய். மே மாதத்துக்குள் நான்கு சம்பளம் வரும். மாதம் 1,800 எடுத்து வைத்தால் போதும். நைலான் உடையை ஏதாவது ஒரு மாத வீட்டுச் செலவில் சேர்த்துவிடுங்கள். பணத்தைச் சம்பளக் கணக்கிலேயே விட்டால் கரைந்துவிடும். அஞ்சலகத்தில் 500 ரூபாயில் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி அதில் போடுங்கள். அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்து ஆண்டுத் திட்டம், இதற்குப் பொருந்தாது.

அம்மா விஷயம். செலவை நினைத்து ‘வேண்டாம்’ என்கிறாரா, கூட்டமும் நடையும் ஒத்துக்கொள்ளாது என்பதாலா? மருமகள் இல்லாத நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வர ஆசை இருந்தால் அந்த 1,100 வீணே அல்ல. பேத்திகள் தண்ணீரில் குதிப்பதை அவர் நிழலில் உட்கார்ந்து பார்க்கட்டும். பைகளுக்குக் காவலாக மட்டும் உட்கார வைத்துவிடாதீர்கள். உண்மையிலேயே விருப்பமில்லை என்றால், அந்த 1,100 ரூபாயை மற்ற செலவில் கலக்காமல் அவர் பெயரிலேயே வையுங்கள். அவர் வெகுநாளாகப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஊர் ஒன்று இருக்கும். ஜூன் மாதம் அங்கே அழைத்துப் போங்கள்.