சீசரின் வீரனுக்கு 59 நாள் பாக்கி

கேள்வி: சீசரின் படைவீரன் ஒருவனை வைத்து வரலாற்றுக் கதை எழுதுகிறேன். கி.மு. 46 ஏப்ரல் 6 அன்று தாப்சஸ் போரில் காயம்படுகிறான். கி.மு. 45 ஜனவரி 1 அன்று ரோமில் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். இடையில் எத்தனை நாள்? இணையத்தில் கணக்குப் போட்டால் 270 வருகிறது.

பதில்: 270 இல்லை, 329. அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் 445 நாள்!

பழைய ரோம ஆண்டுக்கு 355 நாள்தான். பருவத்தோடு ஒட்டிப்போக அவ்வப்போது பிப்ரவரியில் கூடுதல் மாதம் செருகுவார்கள். நம் பஞ்சாங்கத்து அதிக மாதம் மாதிரி. ஆனால் செருகுவதா வேண்டாமா என்று முடிவுசெய்தது குருமார் குழு. அதில் இருந்தவர்களோ அரசியல்வாதிகள். வேண்டியவர் பதவியில் இருந்தால் ஆண்டு நீளும், வேண்டாதவர் என்றால் சுருங்கும். தலைமைக் குருவான சீசரும் ஆண்டுக்கணக்கில் போர்க்களத்தில் இருந்துவிட்டார். மாதங்கள் பருவத்தை விட்டு எங்கோ போய்விட்டன.

சீசர் ஒரே அடியாகக் கடனை அடைத்தார். பிப்ரவரியில் 23 நாள், அப்புறம் நவம்பருக்கும் டிசம்பருக்கும் நடுவே இரண்டு மாதங்களாக 67 நாள். 355, 23, 67: கூட்டினால் 445. உங்கள் வீரன் அந்த 67 நாளையும் கடந்துதான் வருகிறான். அன்றைய மாதங்கள் சில இப்போதையதைவிடக் குட்டை என்பதால் அதில் 8 கழியும். மிச்சம் 59, உங்கள் கணக்கில் விட்டுப்போனது அதுதான்.

கதைக்கு இன்னும் முக்கியமானது ஒன்று. அந்த 'ஏப்ரல் 6' நம் கணக்குக்கு பிப்ரவரி முதல் வாரம். போர்க்களத்தில் வசந்தம் பூத்துக் குலுங்குவதாக எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். ஜூலை என்றும் எழுத வேண்டாம். அப்போது அது குவின்டிலிஸ்.

செருகிய மாதங்களுக்குத் தனிப்பெயர் கிடையாது. அந்த நவம்பரில் நண்பர் லிகாரியஸுக்காகச் சீசரிடம் பரிந்துபேசப் போன நாளை, 'முதல் செருகு மாதத்தின் முதல் தேதிக்கு ஐந்தாம் நாள் முன்பு' என்று கடிதத்தில் குறிக்கிறார் அக்கால ரோமப் பேச்சாளர் சிசரோ. ரோமர்கள் இரு முனையையும் சேர்த்தே எண்ணுவார்கள். நவம்பருக்கு 29 நாள். ஆக, அது நவம்பர் 26.

சீசரின் இந்த நாட்காட்டி மாற்றத்தைப் பற்றி ஊருக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று காட்டவும் சிசரோ உதவுவார். "நாளை லைரா விண்மீன் கூட்டம் உதிக்கும்" என்று ஒருவர் சொல்ல, "ஆமாம், உத்தரவுப்படி" என்று சீசரைக் குத்தினாராம் சிசரோ; கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் எழுதிவைத்திருக்கிறார்.