வாரத்துக்கு 158 நோட்டு: எதைத் திருத்துவது, எதை விடுவது?

கேள்வி: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாகச் சேர்ந்து இது இரண்டாம் ஆண்டு. ஆறாம் வகுப்பில் 41 பேர், ஏழாம் வகுப்பில் 38 பேர். இரண்டு வகுப்புக்கும் கணக்கும் அறிவியலும் நான்தான். நோட்டுக் கட்டை வீட்டுக்குத் தூக்கிப் போகிறேன். ஞாயிறு இரவு பதினொரு மணி வரை திருத்தியும் முடிவதில்லை. பாடக்குறிப்பு எழுத நேரமே இல்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பருவத்துக்கு 600 ரூபாய் வாங்கிக்கொண்டு எல்லாப் பாடத்துக்கும் பாடக்குறிப்பும் பயிற்சித் தாளும் தருகிறார். எமிஸில் (மாணவர் விவரங்களைப் பள்ளிகள் பதியும் அரசு இணையதளம்) பதிவேற்றுவதையும் தானே செய்து தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? வாரத்தை எப்படிச் சமாளிப்பது?

பதில்: வாங்காதீர்கள் அம்மா. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறது என்று பார்ப்போம்.

79 பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு நோட்டு. மொத்தம் 158. ஒரு நோட்டுக்கு மூன்று நிமிடம் என்றாலும் 474 நிமிடம், ஏறக்குறைய எட்டு மணி நேரம். கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்குச் சொல்வது வாரம் 45 மணி நேர வேலை. பாடத் தயாரிப்பும் அதற்குள் அடக்கம். நீங்கள் ஒன்பதே காலிலிருந்து நாலேகால் வரை பள்ளியில் இருக்கிறீர்கள் என்று வைத்தால், ஐந்து நாளில் 35 மணி போய்விடுகிறது. மிச்சமுள்ள பத்தில் எட்டை நோட்டு விழுங்கிவிடும். பாடம் தயாரிக்க இரண்டு மணி நேரம்தான் உங்களிடம் இருக்கிறது. அதே சட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. உங்களிடம் 41 பேர். இது நீங்கள் சுறுசுறுப்பாக இல்லாததால் வந்த சிக்கல் இல்லை.

அந்த நோட்டுகளில் என்ன இருக்கிறது? கரும்பலகையைப் பார்த்து எழுதிய விடை. ஒரே விடையை ஒரு வகுப்பில் 41 முறை, இன்னொரு வகுப்பில் 38 முறை படித்து அத்தனை முறையும் சரி போடுகிறீர்கள். பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அந்தச் சிவப்புக் குறி உங்களுக்குச் சொல்லாது. எனவே பார்த்து எழுதியதைத் திருத்துவதை இன்றோடு நிறுத்துங்கள்.

கணக்கு நோட்டை வகுப்பிலேயே பாருங்கள். ஐந்து கணக்கு கொடுத்துவிட்டு பெஞ்சு பெஞ்சாக நடந்து போங்கள். ஒரு வகுப்பில் நாளைக்குப் பத்துப் பேர் போதும். வாரத்துக்குள் எல்லாரையும் ஒரு சுற்று வந்துவிடலாம். அறிவியலில் வாரம் ஒரு கேள்வி மட்டும், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, சொந்த வார்த்தையில் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். அதை மட்டும் படியுங்கள். கணக்கானாலும் அறிவியலானாலும், பார்க்கும்போது பக்கத்தில் ஒரு துண்டுத் தாள் இருக்கட்டும்; எந்தத் தப்பை எத்தனை பேர் செய்தார்கள் என்று அதில் குறியுங்கள். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று 17 பேர் எழுதியிருந்தால், 17 நோட்டில் தப்பு போடாதீர்கள். நாளைக் காலை முதல் வேலையாக ஒரு தாளை மடித்துக் காட்டிப் பின்னத்தை மறுபடி நடத்துங்கள்.

பதினொன்று, பன்னிரண்டு வயதில் பிள்ளைக்கு ஆசிரியர் என்ன நினைக்கிறார் என்பதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழி என்ன நினைப்பாள் என்பது பெரிது. பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் நோட்டைக் குப்புற வைத்துவிடும், திறந்தே பார்க்காது. தப்பான வரிக்கு நேராக ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். தப்பைப் பிள்ளையே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

தலைமை ஆசிரியர் கேட்பாரே, வட்டாரக் கல்வி அலுவலர் வருவாரே என்பீர்கள். அந்தத் துண்டுத் தாள்களைத் தேதி போட்டு ஒரு கோப்பில் சேருங்கள்: எந்தத் தப்பு, எத்தனை பேர், எப்போது மறுபடி நடத்தியது. அதைக் காட்டுங்கள். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து இருக்கிறதா என்று நோட்டைப் புரட்டிப் பார்ப்பதைப் பள்ளிப் பார்வை என்று இன்னும் எத்தனை காலம் நடத்தப் போகிறோமோ தெரியவில்லை. அந்த நேரத்தில் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு வரி வாசிக்கச் சொல்லியிருந்தால் எவ்வளவோ தெரிந்திருக்கும்.

நோட்டைக் குறைத்துத் திருத்துங்கள் என்று சொன்னதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

என் ஆறாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். முத்து முத்தான கையெழுத்து. ஒரு பக்கம் விடுபட்டிருக்காது. நான்கு மாதம் அவன் நோட்டில் ‘மிக நன்று’ என்று எழுதிக்கொண்டே வந்தேன். ஒரு நாள் ‘விசையும் இயக்கமும்’ பாடத்தில் அவன் எழுதியிருந்ததையே வாசிக்கச் சொன்னேன். எழுத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான். ஆறு ஆண்டுகளாக அவன் எழுத்தை வரைந்துகொண்டிருந்தான். வாசிக்கத் தெரியாது. நான்கு மாதம் அதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான்.

உங்கள் 79 பேரிலும் இப்படிச் சிலர் இருப்பார்கள். கண்டுபிடிப்பது எளிது. இந்த வாரப் பக்கத்தைக் காட்டாதீர்கள், அது மனப்பாடமாக இருக்கும். பதினைந்து நாளுக்கு முந்தைய பக்கத்தைத் திறந்து, நடுவில் ஒரு வரியைத் தொட்டு வாசிக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் முன்னால் வேண்டாம், உங்கள் மேசைக்கு அழைத்து மெதுவாகக் கேளுங்கள். பிறகு ஐந்து சொல்லைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள்: ஒட்டகம், கிணறு, பள்ளம், மேளம், சொற்கள். கொம்பும் காலும் எங்கே தவறுகின்றன என்று பாருங்கள். கணக்கிலும் ஒன்று செய்யுங்கள். வாக்கியக் கணக்கை நீங்கள் வாசித்துக் காட்டி விடை கேளுங்கள். வாயால் சரியாகச் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராமல் இல்லை, எழுத்துதான் வரவில்லை.

இந்த வயதில் இதை மறைக்க நிறையக் கற்று வைத்திருப்பார்கள். வாசிக்கும் முறை தனக்கு வரும்போது ஒண்ணுக்குப் போக அனுமதி கேட்பார்கள், பென்சிலைக் கீழே போடுவார்கள், பக்கத்துப் பையனைச் சீண்டுவார்கள். வாசிக்கத் தெரியாதவன் என்று தெரிவதைவிடச் சேட்டைக்காரன் என்று பெயர் வாங்குவது மேல் என்று நினைக்கிற வயது அது.

இந்தப் பிள்ளைகளுக்கு நீண்ட விடைகளைப் பார்த்தெழுதும் வேலை தராதீர்கள். அவர்கள் வாயால் நான்கு வரி சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். அதை அவர்கள் வாசித்து, பிறகு பார்க்காமல் எழுதட்டும். தினம் பதினைந்து நிமிடம். இந்த நோட்டுகளைத் தினமும் பாருங்கள், ஒவ்வொரு வரியும் பாருங்கள். 158-இல் மிச்சம் பிடித்த நேரம் இதற்குத்தான். ‘மெல்லக் கற்போர்’ என்று பெயர் வைத்துக் கடைசி பெஞ்சில் சேர்த்து உட்கார வைக்காதீர்கள்.

இப்போது அந்த 600 ரூபாய்க்காரர்.

அவர் விற்கும் பாடக்குறிப்புக்கு உங்கள் ஆறாம் வகுப்பைத் தெரியாது. பின்னத்தில் 17 பேர் தடுக்கி விழுந்தது அதில் இருக்காது. பாடநூலைத் துறையே இணையத்தில் இலவசமாகக் கொடுக்கிறது; நூலில் அச்சிட்டிருக்கும் விரைவுக் குறியீட்டை (க்யூஆர் கோடு) அலைபேசியில் காட்டினால் காணொளியும் வரும். அதற்கு மேல் உங்களுக்குத் தேவை, ஒரு பாடவேளைக்கு மூன்று வரி: இன்று என்ன கேட்கப் போகிறேன், என்ன செய்ய வைக்கப் போகிறேன், கடைசியில் எதை எழுதச் சொல்வேன்.

எமிஸ் பதிவேற்றத்தை அவரிடம் ஒப்படைப்பது அதைவிட ஆபத்து. உங்கள் கடவுச்சொல் அவர் கைக்குப் போனால் 79 குடும்பங்களின் அலைபேசி எண், ஆதார் எண், சாதி, பிறந்த தேதி எல்லாம் போகும். அந்த எண்களுக்குப் பயிற்சி மையங்களிலிருந்தும் கடன் ஆட்களிடமிருந்தும் அழைப்பு வந்தால் பெற்றோர் உங்கள் வாசலில்தான் வந்து நிற்பார்கள். கணினி மையம், தெரிந்த பையன், யாராக இருந்தாலும் கடவுச்சொல்லைத் தராதீர்கள். உங்கள் பள்ளியில் கணினி ஆய்வகப் பயிற்றுநர் இருந்தால் பதிவேற்றத்தை அவரிடம் முறைப்படி ஒதுக்கித் தரும்படி தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். ஒரே வருகையைப் பதிவேட்டிலும் எழுதி, செயலியிலும் ஏற்றி, இணையம் இல்லாத ஊரில் அலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வைப்பது பாட நேரத்தைத் திருடுவதுதான். இதைச் சங்கக் கூட்டத்திலும், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்திலும் சொல்லிக்கொண்டே இருங்கள்.

இன்னொரு கூட்டம் பள்ளிக்கே வரும். ‘திறனறித் தேர்வு’ என்பார்கள், ‘நினைவாற்றல் பயிற்சி’ என்பார்கள். பிள்ளைக்கு இவ்வளவு என்று வசூல், எல்லாருக்கும் பதக்கம், உங்களுக்கு ஒரு ‘சிறந்த ஆசிரியர்’ சான்றிதழ். வாசலோடு அனுப்புங்கள். எட்டாம் வகுப்பில் அரசு நடத்தும் தேசிய வருவாய்வழித் தேர்வு இருக்கிறது. தேர்வாகும் பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். ஏழாம் வகுப்பிலேயே அதற்கு ஆயத்தப்படுத்துங்கள்.

பள்ளி நேரத்தில் வாக்காளர் பட்டியல் வேலைக்கு அழைத்தால் தயங்காமல் கேளுங்கள். அந்த வேலையை விடுமுறையிலும் பாடம் நடக்காத நேரத்திலும்தான் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-இலேயே சொல்லிவிட்டது.

வாரத்தைப் பிரிப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புதிய பாடத்தைச் செவ்வாய், புதன் காலையில் தொடங்குங்கள். இரும்புச்சத்து மாத்திரை தரும் நாளில் மதிய உணவுக்குப் பிறகு முதல் பாடவேளை பாதி போய்விடும். அன்று சோதனை எதுவும் வைக்காதீர்கள். திங்கள் காலை சோர்ந்து கிடக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளையைத் திட்டும் முன் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்று வகுக்கப்பட்டது. போன ஆண்டு பள்ளியில் சாப்பிட்ட பிள்ளை இந்த ஆண்டு வெறும் வயிற்றோடு வந்திருக்கலாம்.

வரும் திங்கள் நோட்டு எதையும் வாங்காதீர்கள். ஆறாம் வகுப்புக்கு வேலை கொடுத்துவிட்டு, வருகைப் பதிவேட்டு வரிசையில் ஒவ்வொருவராக மேசைக்குக் கூப்பிட்டு, ஆளுக்கு மூன்று வரி வாசிக்கச் சொல்லுங்கள். 41 பேர் ஒரே நாளில் முடியாது. புதன் வரை ஆகும். பெயருக்கு நேராக வாசித்தால் ஒரு கோடு, திணறினால் ஒரு வட்டம். வட்டம் விழுந்த பெயர்கள் எத்தனை என்று எனக்கு எழுதுங்கள்.